எஸ்கேப் அடித்தால் என்ன ஆக வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூரில் நான்கு சீட் வைத்து டிராஃப்டிங் ஆபீஸ் நடத்துகிறீர்கள். மனை வரைபடம் போட, ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளுக்குள் ஓடும் ஆட்டோலிஸ்ப் (சுருக்கமாக லிஸ்ப்) மொழியில் ஒரு ரொட்டீன், அதாவது சின்ன புரோகிராம், எழுதியிருக்கிறீர்கள். அது ஆபரேட்டரிடம் மனையின் மூலைகளைக் கேட்கிறது, சர்வே டிராயிங்கில் சாலை ஓரக் கோடு எது என்று தொட்டுக் காட்டச் சொல்கிறது, செட்பேக் (மனை எல்லையிலிருந்து கட்டடத்துக்கு விட வேண்டிய இடைவெளி) எவ்வளவு என்று கேட்கிறது. பிறகு உள்கோடு போட்டு, பரப்பைச் சதுர அடியிலும் கிரவுண்டிலும் எழுதுகிறது. ஆபரேட்டர் நடுவில் எஸ்கேப் அடித்தால் ஆஸ்நாப் (கோட்டின் முனை, மையம் போன்ற இடங்களைக் கர்சர் தானாகப் பிடிக்கும் வசதி) போய்விடுகிறது, கரன்ட் லேயர் (புதிதாகப் போடும் கோடுகள் சேரும் அடுக்கு) மாறிக் கிடக்கிறது, பாதி வரைந்த கோடுகள் அப்படியே நிற்கின்றன. அதனால் எஸ்கேப் கீயையே முடக்கிவிட வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வழி இருக்கிறது. நானே ஒருமுறை செய்து பட்டிருக்கிறேன். சென்னையில் பதினேழு வருஷமாக டிராயிங் வேலை, அதில் முக்கால்வாசிக் காலம் லிஸ்ப் எழுதுவதும் என் தலையில். ஆரம்ப காலத்தில், தூண்களின் அவுட்லைனை எடுத்து அட்டவணை போடும் ஒரு ரொட்டீனில், ஒரு பொருளைத் தொட்டுக் காட்டச் சொல்லும் என்ட்செல் ஃபங்ஷனை, பிழையைப் பிடித்து வைக்கும் விஎல்-கேட்ச்-ஆல்-அப்ளைக்குள் வைத்தேன். அப்படி வைத்தால் எஸ்கேப் அடித்தாலும் ரொட்டீன் சாகாது, ஒரு எரர் ஆப்ஜெக்ட் மட்டும் திரும்பி வரும். அது வந்தால் ‘மறுபடி காட்டவும்’ என்று கேட்கிற மாதிரி லூப் போட்டுவிட்டு, பெரிய சாமர்த்தியம் செய்ததாக நினைத்துக்கொண்டேன். ஒரு மத்தியானம் ஒருவர் அதைத் தப்பான டிராயிங்கில் ஓட்டிவிட்டார். அந்த டிராயிங்கில் தூண் லேயரே கிடையாது. எஸ்கேப் அடிக்கிறார், ‘மறுபடி காட்டவும்’. திரும்ப அடிக்கிறார், திரும்பவும் அதே. கடைசியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஆட்டோகேடையே மூடினார். காலையிலிருந்து சேவ் செய்யாத வேலை அதோடு போயிற்று. அவர் என்னைத் திட்டவில்லை. டிஃபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஆகவே கீயை விட்டுவிடுவோம். உங்களுக்கு வேண்டியது, ஆபரேட்டர் எந்த இடத்தில் கைவிட்டாலும் டிராயிங்கும் செட்டிங்கும் அவர் ரொட்டீனைத் தொடங்கும்போது இருந்த மாதிரியே இருக்க வேண்டும் என்பதுதான். இதற்கு உறுதியான பதில் உண்டு. ஆனால் அது எஸ்கேப் அடிக்கிற இடத்தில் தொடங்குவதில்லை, கேள்வி கேட்கிற இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

ஒரு ரொட்டீன் கேட்கும் கேள்விக்கு மூன்று வகைப் பதில் வரலாம். ஒன்று, மதிப்பு: ஒரு புள்ளி, ஒரு நீளம். இரண்டாவது, வெறும் என்டர்: ‘போதும்’ அல்லது ‘வழக்கமானதையே வைத்துக்கொள்’ என்று அர்த்தம். மூன்றாவது, எஸ்கேப்: ‘வேண்டாம், விட்டுவிடு’. இரண்டாவதையும் மூன்றாவதையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் நான் பார்த்த பெரும்பாலான ரொட்டீன்களின் வியாதி. புள்ளி கேட்கும் கெட்பாயின்ட், நீளம் கேட்கும் கெட்டிஸ்ட், எண் கேட்கும் கெட்ரியல் மூன்றும் என்டருக்கு நில் (nil, ‘ஒன்றுமில்லை’) தரும். எழுத்தில் பதில் கேட்கும் கெட்ஸ்ட்ரிங் மட்டும் நில் தராது, வெறும் ஸ்ட்ரிங் (ஓர் எழுத்தும் இல்லாத சொல்) தரும். எஸ்கேப்புக்கு எதுவுமே எதையும் திருப்பித் தராது. ரொட்டீன் அந்த வரியிலேயே அறுந்து, இருபுறமும் நட்சத்திரக் குறி போட்ட எரர் என்ற ஃபங்ஷனுக்குப் போய்விடும். அந்த வரிக்குக் கீழே நீங்கள் எழுதி வைத்த ‘பழைய செட்டிங்கைத் திருப்பி வை’ வரிகள் எதுவும் ஓடாது. உங்கள் ஆஸ்நாப் போவது இந்த வழியில்தான்.

மூலைகளைக் கேட்கும் லூப்பில் இது நன்றாகத் தெரியும். முதல் மூலைக்கு என்டர் அடிப்பதில் அர்த்தம் இல்லை, அதனால் எந்தப் பதிலை ஏற்கக் கூடாது என்று கேள்விக்கு முன்பே சொல்லி வைக்கும் இனிட்கெட் ஃபங்ஷனில் 1 கொடுத்து அதை மறுக்கலாம். இரண்டாவது மூலையிலிருந்து என்டர் என்றால் ‘மூலைகள் முடிந்தன’. அங்கே 1 கொடுத்தால் ஆபரேட்டர் வெளியே வர எஸ்கேப்பைத் தவிர வழி இருக்காது. உங்கள் ஆட்கள் அடிக்கடி எஸ்கேப் அடிப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். உங்கள் புரோகிராமைப் பார்க்காமல் சொல்வதால் இது ஊகம்தான். இன்னொரு சந்தேகமும் உண்டு. ஆறு மூலையுள்ள மனையில் ஐந்தாவதைத் தப்பாகத் தொட்டுவிட்டால் ஒரு படி பின்னால் போக உங்கள் ரொட்டீனில் வழி இருக்கிறதா? இல்லையென்றால் அவர் எஸ்கேப் அடித்து முதலிலிருந்துதான் தொடங்குவார். இனிட்கெட்டில் ‘அன்டூ’ என்ற கீவேர்டைச் சேர்த்தால், அவர் அதைத் தட்டும்போது கெட்பாயின்ட் புள்ளிக்குப் பதில் அந்தச் சொல்லையே ஸ்ட்ரிங்காகத் தரும். பட்டியலில் கடைசிப் புள்ளியை நீக்கிவிட்டு மேலே போகலாம். எங்கள் ஆபீஸில் இந்த ஒரு வசதியைச் சேர்த்த பிறகு எஸ்கேப் பற்றிய புகார் பாதியாகக் குறைந்தது.

இனிட்கெட் எண்களில் கொஞ்சம் நின்று போக வேண்டும். 1 என்டரை மறுக்கும், 2 பூஜ்யத்தை மறுக்கும், 4 மைனஸ் மதிப்பை மறுக்கும். வேண்டியதைக் கூட்டிக்கொள்ளலாம். நீளம் கேட்கும் இடத்தில் எல்லாரும் கை பழக்கத்தில் 7 போட்டுவிடுவார்கள். செட்பேக்குக்கு அது தப்பு. ஜார்ஜ் டவுன் மாதிரி தொடர் கட்டடப் பகுதியில் பக்கவாட்டு செட்பேக் பூஜ்யமாக இருக்கலாம், வீடுகள் தோளோடு தோள் ஒட்டித்தான் நிற்கும். அங்கே ஆபரேட்டர் 0 அடித்தால் ரொட்டீன் மறுக்கும். அவர் 0.001 என்று அடித்து ஏமாற்றுவார். பிறகு உள்கோடும் மனைக்கோடும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். ஆகவே 5 போடுங்கள். போன முறை கொடுத்த செட்பேக்கைக் கோணக் குறிக்குள் காட்டி, என்டர் அடித்தால் அதையே எடுத்துக்கொள்ளும்படி வைத்தால் வெறும் 4 போதும், நில் வந்தால் பழைய மதிப்பு. இன்னொன்று: இனிட்கெட் அடுத்து வரும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் செல்லும். லூப்புக்கு வெளியே ஒருமுறை எழுதிவிட்டு எல்லாச் சுற்றுக்கும் பாதுகாப்பு என்று நம்பி இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

செட்பேக்கைக் கெட்ரியலில் கேட்கிறீர்கள் என்றால் கெட்டிஸ்ட்டுக்கு மாற்றுங்கள். ஆர்க்கிடெக்ட் அடி, அங்குலத்தில் பேசுவார், ஸ்ட்ரக்சுரல் ஆள் மில்லிமீட்டரில் பேசுவார். டிராயிங் ஆர்க்கிடெக்சரல் யூனிட்டில் இருந்தால் கெட்டிஸ்ட் 12 அடி 6 அங்குலம் என்று அடிப்பதையும் வாங்கி 150 என்று தரும். கெட்ரியல் அடிக்குறியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கெட்டிஸ்ட்டில் இரண்டு புள்ளியைத் தொட்டும் நீளம் கொடுக்கலாம். ஆனால் இனிட்கெட்டால் பிடிக்க முடியாத தப்பு ஒன்று உண்டு. மில்லிமீட்டர் டிராயிங்கில் ஒன்றரை மீட்டர் செட்பேக்குக்கு 1500 என்பதற்குப் பதிலாக 1.5 என்று அடித்தால், அது பூஜ்யம் இல்லை, மைனஸ் இல்லை, எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். மனையின் அகலத்தோடு ஒப்பிட்டு, நூறில் ஒரு பங்குகூட இல்லையென்றால் ‘1.5 மி.மீ. தானா?’ என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. பூஜ்யத்தை மட்டும் கேட்காமல் விடுங்கள், இல்லாவிட்டால் ஜார்ஜ் டவுன் வேலை வரும்போதெல்லாம் நச்சரிக்கும்.

சாலை ஓரக் கோட்டைத் தொடச் சொல்லும் இடத்தில் வேறு சிக்கல். என்ட்செல்லில் ஆபரேட்டர் என்டர் அடித்தாலும் நில், குறி தப்பி வெற்று இடத்தில் கிளிக் செய்தாலும் நில். கை தப்பியவரை ‘வேண்டாம் என்கிறார்’ என்று எடுத்துக்கொண்டு வெளியே தள்ளிவிடக் கூடாது. எர்நோ என்ற சிஸ்டம் வேரியபிளைக் கேள்விக்கு முன் 0 ஆக்கிவிட்டு, பின்னால் பாருங்கள். 7 என்றால் குறி தப்பியிருக்கிறது, மறுபடி கேளுங்கள். 52 என்றால் என்டர். முன்னால் 0 ஆக்க மறந்தால் எப்போதோ விழுந்த பழைய 7 உங்களை ஏமாற்றும்.

இப்போது ஆஸ்நாப் விவகாரத்துக்கு வருகிறேன். பல வருஷம் முன்பு பக்கத்து சீட் அக்கா ஒருநாள், “தம்பி, உன் லிஸ்ப் ஓட்டினதிலேர்ந்து எண்ட்பாயின்டே பிடிக்க மாட்டேங்குது. நான் கவனிக்காம நாலு ரூம் போட்டுட்டேன்” என்றார். ஜூம் செய்து பார்த்தால் சுவர்க் கோடுகள் மூலையில் அரை மில்லிமீட்டர் விட்டு நின்றன. ஹாட்ச் போட்டால் நிரம்பவில்லை, பவுண்டரி எடுத்தால் மூடவில்லை. ஆஸ்நாப் தேர்வுகளை ஒரு எண்ணாக வைத்திருக்கும் ஆஸ்மோட் என்ற செட்டிங்கை நான் 0 ஆக்கியிருந்தேன், அவர் எஸ்கேப் அடித்திருந்தார். இதில் ஒரு நுட்பமான இரண்டாவது அடியும் உண்டு. ரொட்டீன் ஒருமுறை அறுந்து ஆஸ்மோட் 0 ஆகவே நின்றுவிட்டால், அடுத்த முறை ஓடும்போது அந்த 0-ஐத்தான் ‘பழைய மதிப்பு’ என்று எடுத்து வைக்கும். முடிந்ததும் பொறுப்பாக 0-ஐயே திருப்பி வைக்கும். ஆபரேட்டர் தேர்ந்தெடுத்து வைத்திருந்த ஸ்நாப்புகள் எவை என்ற தகவலே போய்விடும்.

அதனால் 0 ஆக்காதீர்கள். இருக்கிற மதிப்போடு 16384 என்ற பிட்டை லாக்ஐஓஆர் (logior) ஃபங்ஷன் மூலம் சேருங்கள். அது எஃப் 3 அழுத்தி அணைப்பதற்குச் சமம், தேர்வுகள் உள்ளே பத்திரமாக இருக்கும். ரொட்டீன் அறுந்தாலும் ஆபரேட்டர் எஃப் 3 அழுத்தினால் திரும்பி வந்துவிடும். இதைவிட நல்லது ஆஸ்மோடைத் தொடாமலே இருப்பது. கோட்டை கமாண்ட் வழியாகப் போடாமல், டிராயிங்கில் நேரடியாகச் சேர்க்கும் என்ட்மேக் ஃபங்ஷனால் போட்டால் ஸ்நாப் குறுக்கே வராது. லேயரையும் அதிலேயே 8 என்ற குறியீட்டு எண்ணில் சொல்லிவிடலாம், கரன்ட் லேயரை மாற்றவே வேண்டாம். கமாண்ட்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் ‘நான்’ (non) என்ற ஸ்நாப்பைக் கொடுங்கள், அந்தப் புள்ளிக்கு மட்டும் ஸ்நாப் அணையும். மாற்றாத செட்டிங்கைத் திருப்பி வைக்க வேண்டிய கவலை யாருக்கும் இல்லை. உங்கள் ரொட்டீனை நான் திருத்தினால் முதலில் கைவைப்பது இங்கேதான்.

இரண்டாவதாகக் கைவைப்பது கேள்விகளின் வரிசையில். இப்போது மூலைகளைக் கேட்கக் கேட்கவே கோடு போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன், பாதிக் கோடுகள் மிஞ்சுவது அதனால்தான். எல்லாக் கேள்வியையும் முதலில் கேட்டு முடியுங்கள். மூலைகள், சாலைக் கோடு, செட்பேக் எல்லாம் கைக்கு வந்த பிறகே டிராயிங்கைத் தொடுங்கள். அதற்கு முன் எங்கே எஸ்கேப் அடித்தாலும் அழிக்க ஒன்றும் இருக்காது. ‘கோடு கண்ணுக்குத் தெரியாமல் எப்படி மூலை காட்டுவது’ என்று ஆபரேட்டர் கேட்பார், நியாயம்தான். கெட்பாயின்ட்டுக்கு முந்தைய மூலையைக் கொடுத்தால் ரப்பர் கோடு இழுபடும். முடிந்த பக்கங்களை ஜிஆர்டிரா ஃபங்ஷனால் காட்டலாம். அது திரையில் மட்டும் இருக்கும் கோடு, ரீடிரா செய்தால் (திரையைப் புதுப்பித்தால்) மறைந்துவிடும், டிராயிங்கில் சேராது. அன்டூ கீவேர்ட் வந்தால் ஒருமுறை ரீடிரா செய்துவிட்டு மீதிப் பக்கங்களை மறுபடி போட்டுக் காட்டுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் எரர் ஃபங்ஷன் ஒன்று வேண்டும், ஏனெனில் வரையும்போதே எஸ்கேப் அடிப்பவரும் உண்டு. அதை உங்கள் ரொட்டீனுக்குள்ளேயே எழுதி, ரொட்டீன் தொடங்கும் defun வரியில் சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் லோக்கல் பட்டியலில் அதன் பெயரையும் சேர்த்துவிடுங்கள். சேர்க்காவிட்டால் உங்கள் ரொட்டீன் முடிந்த பிறகும் அது குடியிருக்கும், வேறு யாரோ எழுதிய லிஸ்ப் அறுந்தால் உங்கள் துப்புரவு வேலை அங்கே போய் நடக்கும். ரொட்டீன் ஒழுங்காக முடியும்போதும் இதே துப்புரவையே கூப்பிடுங்கள், இரண்டு இடத்தில் எழுதினால் ஒன்றைத் திருத்தி மற்றதை மறப்பீர்கள். எஸ்கேப் அடித்தால் இந்த ஃபங்ஷனுக்கு வரும் செய்தி ‘ஃபங்ஷன் கேன்சல்டு’ என்ற ஆங்கில வாசகம். செய்தியில் கேன்சல், பிரேக், எக்ஸிட் என்ற சொற்கள் இருந்தால் வாயை மூடிக்கொண்டு சுத்தம் செய்துவிட்டுப் போகட்டும். மற்ற செய்திகளை மட்டும் திரையில் காட்டுங்கள், அவைதான் உண்மையான பிழைகள். ஆட்டோகேடுக்குப் பதில் பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் வைத்திருந்தால் வாசகத்தை ஒருமுறை பிரின்ட் செய்து பார்த்துக்கொள்ளுங்கள், எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும் என்று நம்பி எழுத வேண்டாம்.

அன்டூ குழுவையும் இங்கேதான் மூட வேண்டும். வரையத் தொடங்கும்போது குழுவைத் திறந்து, முடியும்போதும் அறுந்துபோகும்போதும் மூடினால், ஆபரேட்டர் ஒரே ஒரு யூ (U, பின்வாங்கும் கமாண்ட்) அடித்து உங்கள் ரொட்டீன் செய்த மொத்தத்தையும் திரும்பப் பெறலாம். திறந்தபடி விட்டால் அடுத்து அவர் அடிக்கும் யூ எதிர்பாராத இடத்தில் நிற்கும். பழைய புத்தகம் பார்த்து எழுதுபவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. ஆட்டோகேட் 2015-லிருந்து எரர் ஃபங்ஷனுக்குள் சாதாரண கமாண்ட் ஓடாது. கமாண்ட்-எஸ் பயன்படுத்துங்கள், அல்லது விஎல்ஏ வழியாக அன்டூ மார்க்கை மூடுங்கள். 2010-ல் எழுதிய ரொட்டீன் புது வெர்ஷனில் எஸ்கேப் அடித்தால் மட்டும் திட்டுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். வசதிகள் குறைந்த பதிப்பான ஆட்டோகேட் எல்டி வைத்திருப்பவர்களுக்கு 2024 வெர்ஷனிலிருந்துதான் லிஸ்ப் ஓடுகிறது, அவர்களுக்கு இந்தப் பழைய சொத்துப் பிரச்சினை குறைவு.

ரைனோ, ஃபோட்டோஷாப் பக்கமும் இதே வேலை செய்வீர்களா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். முப்பரிமாண மாடல் செய்யும் ரைனோவில் பைதான் எழுதியிருக்கிறேன். அங்கே எஸ்கேப் அடித்தால் ஸ்கிரிப்ட் அறுவதில்லை, கெட்ரியல், கெட்பாயின்ட் எல்லாம் நன் (None, ‘ஒன்றுமில்லை’) தரும், அடுத்த வரி ஓடும். ஆகவே ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் நீங்களே பார்த்து வெளியேற வேண்டும். பார்க்கும்போது ‘இஃப் நாட்’ என்று எழுதினால் ஜார்ஜ் டவுன் கதைதான்: பைதானுக்கு 0-வும் பொய், நன்னும் பொய், பூஜ்யம் கொடுத்தவரை வேண்டாம் என்றவராக நினைத்து ஸ்கிரிப்ட் நின்றுவிடும். ‘இஸ் நன்’ என்று எழுதுங்கள். திரை வேகத்துக்காக ரீடிராவை அணைத்தால் திரும்பப் போடுவதை ஃபைனலியில் வையுங்கள். நீண்ட லூப்பில் எஸ்கேப்-டெஸ்ட்டை நடுநடுவே கூப்பிட்டால் ஆபரேட்டர் நிறுத்த முடியும்.

ஃபோட்டோஷாப்பில் வேறு மாதிரி. ப்ராம்ப்ட் பெட்டியில் கேன்சல் அழுத்தினால் நல் (null) வரும், காலியாக விட்டு ஓகே அழுத்தினால் வெறும் ஸ்ட்ரிங் வரும். இரண்டையும் நம்பர் ஃபங்ஷனுக்குள் போட்டால் இரண்டுமே 0. கல்யாண ஆல்பம் செய்யும் நண்பர் ஒருவர் பார்டர் அகலம் கேட்கும் ஸ்கிரிப்டில் கேன்சல் அழுத்தினார். அது 0 பார்டரோடு முழு ஃபோல்டரையும் மறுபடி எக்ஸ்போர்ட் செய்யத் தொடங்கியது, பொண்ணு வீட்டுக்கு அனுப்ப வைத்திருந்த படங்கள் மேலேயே. எண்ணாக மாற்றும் முன் வந்தது null தானா என்று பாருங்கள். ரூலர் யூனிட்டை மாற்றியிருந்தால் அதையும் ஃபைனலியில் திருப்புங்கள்.

ஆட்டோடெஸ்க்கின் கட்டட மாடல் மென்பொருளான ரெவிட்டில் நான் செய்தது சின்னச் சின்னக் கருவிகள்தான், அங்கே என்னைவிடக் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பொருளைத் தொடச் சொல்லும் பிக்ஆப்ஜெக்ட்டில் எஸ்கேப் அடித்தால் ஆபரேஷன்-கேன்சல்டு எக்செப்ஷன் வீசும், அதைப் பிடித்து ரிசல்ட்டைக் கேன்சல்டு என்று திருப்பினால் உங்கள் கமாண்ட் செய்த மாற்றங்களை ரெவிட்டே திரும்ப எடுத்துக்கொள்ளும். டாட்நெட்டிலும் அதே பெயரில் ஒரு எக்செப்ஷன் இருக்கிறது. ஆட்டோடெஸ்க்குடையதற்குப் பதில் அதைப் பிடித்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று ஒரு சாயங்காலம் முழுக்க நான் தேடியிருக்கிறேன்.

திருத்திய பிறகு சோதிக்கும் முறை எளிது. உங்கள் ரொட்டீனில் எத்தனை கேள்வி இருக்கிறதோ அத்தனை முறை ஓட்டி, முதல் முறை முதல் கேள்வியில், அடுத்த முறை இரண்டாவதில் என்று எஸ்கேப் அடியுங்கள். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் ஆஸ்மோட், கரன்ட் லேயர் இரண்டையும் எழுதிப் பாருங்கள். பிறகு அதே மாதிரி என்டரோடு ஒரு சுற்று. வரையும்போதும் ஒருமுறை அடித்துப் பார்க்க, இருபது மூலையுள்ள மனை ஒன்றைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள், சின்ன மனையில் உங்கள் கை எட்டுவதற்குள் முடிந்துவிடும்.

அதுவரைக்கும், இன்று உங்கள் நான்கு மெஷினிலும் ஆஸ்மோட் என்று அடித்துப் பாருங்கள். 0 இருக்கும் மெஷினில் 4133 கொடுத்தால் ஆட்டோகேடின் ஆரம்ப மதிப்பு வந்துவிடும்: எண்ட்பாயின்ட், சென்டர், இன்டர்செக்ஷன், எக்ஸ்டென்ஷன். அந்த மெஷினில் சமீபத்தில் போட்ட மனைகளின் மூலைகளை ஜூம் செய்து பார்த்துவிட்டு, பிறகு பேப்பரில் பிளாட் (பிரின்ட்) எடுங்கள்.